விடியற்காலை வெக்கையையும் அளந்து பாருங்கள்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டு கவுன்சிலர்களுக்கு,

வணக்கம்.

நான் பெரம்பூர்க்காரன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். குடியிருப்பது மூன்றாம் மாடி. எங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடிதான். மே மாதத்தில் நான் எப்படித் தூங்குகிறேன் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியைப் போட்டால் சீலிங்கில் தங்கியிருக்கும் சூட்டை அப்படியே அள்ளிக் கீழே கொட்டும். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். இரண்டு மணிக்கு எழுந்து தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பாயை விரிப்போம். நான்கு மணிக்குத்தான் கண் கொஞ்சம் அசரும். ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி வந்துவிடும்.

மறுநாள் செய்தியில் நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி, மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி என்பார்கள். இரண்டும் பகலின் உச்ச வெப்பநிலை. நான் இருப்பது அந்த இரண்டு இடத்திலும் இல்லை, எனக்குக் கஷ்டமும் பகலில் இல்லை.

உங்களிடம் கேட்க ஒரே விஷயம்தான் இருக்கிறது. உங்கள் வார்டில் மரம் நடவும் பூங்கா அமைக்கவும் பணம் ஒதுக்கும் முன்னால், வெப்பத்தை அளந்து பாருங்கள். ஆட்கள் நிற்கிற, படுக்கிற இடத்தில் அளந்து பாருங்கள். ராத்திரியிலும் அளந்து பாருங்கள். இதை ஏன் ஒரு மடலாக நீட்டி எழுதுகிறேன் என்றால், அளப்பது பார்க்கத்தான் சுலபம். தப்பாக அளந்தால் தப்பான தெருவில் மரம் வைப்போம்.

நுங்கம்பாக்கம் நிலையத்தைக் குறை சொல்ல வரவில்லை. 1792-ல் வானியல் கூடமாகக் கட்டப்பட்ட இடம் அது. 1796-லிருந்து அங்கே வானிலைக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு பழைய பதிவு உள்ள நகரங்கள் குறைவு. 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி தொட்டதையும் நமக்குச் சொன்னது அதுதான். ஆனால் ஒரு வானிலை நிலையத்தின் வேலை, பக்கத்துச் சுவர், பக்கத்துத் தார்ச்சாலை ஆகியவற்றின் தொந்தரவு முடிந்த மட்டும் இல்லாமல் பொதுவான காற்றின் வெப்பத்தைச் சொல்வது. என் தெருவில் அந்தச் சுவரும் தார்ச்சாலையும்தான் பிரச்சினையே. எதை விலக்கிவிட்டு அந்த நிலையம் அளக்கிறதோ அதற்குள்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

இப்படி இடத்துக்கு இடம் மாறும் வெப்பத்தை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் லண்டனில் மருந்து தயாரித்து விற்ற லூக் ஹோவார்ட். மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். 1818-லிருந்து 1820-க்குள் வெளியிட்ட தன் ஆய்வில், லண்டன் நகரத்துக்குள் இரவு வெப்பம் சுற்றுப்புற கிராமத்தைவிட 3.7 பாரன்ஹீட் டிகிரி அதிகம் என்று எழுதினார். நம் கணக்கில் சுமார் 2 டிகிரி செல்சியஸ். பகலிலோ நகரம் ஒரு துளி குளிர்ச்சியாகவே இருந்திருக்கிறது. ஏசியும் காரும் இல்லாத காலத்திலேயே நிலவரம் இப்படி. இன்று ‘நகர வெப்பத் தீவு’ என்று சொல்கிறோமே, அதன் முதல் பாடமே அது ராத்திரியில்தான் தலையைத் தூக்கும் என்பது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் கிடையாது. கான்கிரீட்டும் தாரும் செங்கலும் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். சூரியன் இறங்கிய பிறகு குடித்ததை மெல்ல மெல்லக் கக்கும். ஊருக்கு வெளியே வெட்டவெளியில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்கு அனுப்பிவிட்டுக் குளிர்ந்துவிடுகிறது. எங்கள் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற வானம் ஒரு வேட்டி அகலம்தான். இந்தச் சுவர் கக்குவதை எதிர்ச் சுவர் வாங்கிக்கொள்ளும், அது கக்குவதை இது வாங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்க இதே கொடுக்கல் வாங்கல். நடுவில் ஏசி வைத்திருப்பவர்கள் அறைக்குள் இருந்த சூட்டை, மோட்டார் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, சந்துக்குள் தள்ளுகிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? நானும் வாங்கலாமா என்று விலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, அளவுக்கு வருகிறேன். கூட்டங்களில் உங்களுக்கு ஒரு படம் காட்டியிருப்பார்கள். சென்னை முழுக்கச் சிவப்பு, மஞ்சள், அங்கங்கே பச்சை. செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படம். அதைப் பார்த்து ‘இந்த வார்டு சூடு, அந்த வார்டு குளிர்ச்சி’ என்று முடிவெடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்திடம் மூன்று கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எத்தனை மணிக்கு எடுத்தது? பெரும்பாலும் அது லேண்ட்சாட் 8 அல்லது 9 எடுத்த படமாக இருக்கும். அந்தக் கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து, பத்தரை மணிக்கு. நான் துடிக்கிற நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதை அளந்தது? காற்றை அளக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பின் சூட்டை அளந்தது. அதாவது என் மொட்டை மாடியையும் வேப்பமரத்தின் உச்சந்தலையையும். மரத்தடியில் இளநீர் விற்கும் அம்மாவுக்கு எவ்வளவு சுடுகிறது என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு நுணுக்கம்? அதன் வெப்ப உணர்வி (சென்சார்) 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பை ஒரே எண்ணாகச் சொல்கிறது. வியாசர்பாடியில் அந்தப் பரப்புக்குள் நாலைந்து தெரு அடங்கிவிடும். பல வருடம் இரவு ஒன்றரை மணி வாக்கில் படம் எடுத்துவந்த கோள் ஒன்றும் உண்டு, அக்வா என்று பெயர். ஆனால் அதன் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலம். பெரம்பூர் ரயில்வே பணிமனையின் கொட்டகைகளும் அதை ஒட்டிய வீடுகளும் ஒரே எண்ணுக்குள் போய்விடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோடைப் பகலில் அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் வயல், நகரத்தைவிடச் சூடாகப் படத்தில் விழும். காய்ந்த மண்ணில் ஆவியாக ஈரம் இல்லையே! இந்தியாவின் பல நகரங்களில் இப்படி நடக்கிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு ‘நம்ம ஊர் கிராமத்தைவிடக் குளுகுளு’ என்று யாராவது அறிக்கை எழுதினால், படம் பொய் சொல்லியிருக்காது, அறிக்கைதான் பொய். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்று காட்ட அது நல்ல துணை. தீர்ப்பு எழுத அது போதாது.

அப்படியென்றால் ஆளுக்கொரு வெப்பமானி வாங்கி மாட்டிவிடலாமா? அதைச் செய்து பார்த்து நானே அசடு வழிந்தேன். ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி பால்கனிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது. அது காற்றை அளக்கவே இல்லை, என் வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மேற்கு வெயில் வேறு நேராக அதன் முகத்தில். முப்பது வருடம் ‘வெப்பமானியை நிழலில் வை’ என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாத்தியார்! நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே உங்கள் பொறியாளர்களிடம் சொல்லுங்கள். காற்று உள்ளே புகுந்து போகும் வெள்ளைக் கூண்டுக்குள், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல், ஏசி வெளிப்பெட்டியின் மூச்சு படாத இடத்தில் கருவி இருக்க வேண்டும். எல்லா வார்டுக்கும் ஒரே மாடல் வாங்க வேண்டும். பிரித்து அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாம் தேடுவது ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம். கருவிகளுக்குள்ளேயே அவ்வளவு பிசகு இருந்தால் எல்லாம் வீண். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதிவு செய்யும் கருவிகள் இப்போது ஒரு சாதாரண செல்போன் விலைக்குள் கிடைக்கின்றன. வார்டு மேம்பாட்டு நிதிக்கு இது ஒரு செலவே இல்லை.

கருவி வைக்க முடியாத தெருக்களுக்கு நகரும் வெப்பமானி இருக்கிறது. 1927-லேயே வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மித் என்பவர் காரில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி அளந்தார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் சைக்கிளில் கருவியைப் பூட்டித் தெருத்தெருவாக ஓட்டினார்கள். அந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நம் ஊரில் மாநகரப் பேருந்து போகாத பிரதான சாலை உண்டா? அந்தப் பேருந்திலேயே கருவியைப் பூட்டிவிடலாம். சந்துகளுக்கு சைக்கிள் போதும். ஓட்டும் நேரத்துக்குள் ஊரே குளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

200 கருவி எதற்கு, பத்து போதாதா என்று கேட்கலாம். இது கடற்கரை ஊர். மே மாதத்தில் கடல்காற்று மதியம் சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதைக் கரையிலேயே நிறுத்திவிட்டால் அன்று அனல்தான். வருகிற நாளிலும் ராயபுரத்துக்கு வருகிற நேரத்தில் அம்பத்தூருக்கு வராது. நடுவில் எழும்பும் ஒவ்வொரு அடுக்குமாடி வரிசையும் அதை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதை ஒரே ஒரு கருவி சொல்லாது.

காற்றின் வெப்பம் மட்டும் தெரிந்தால் போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வேப்பமரத்தடியிலும் பத்தடி தள்ளி வெயிலிலும் காற்றின் வெப்பத்தை அளந்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை 2010-ல் தொகுத்துப் பார்த்தபோது, பகலில் பூங்காவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் சராசரி வித்தியாசம் 0.94 டிகிரி என்றுதான் வந்தது. இந்த எண்ணைக் காட்டி ‘ஒரு டிகிரிக்காகவா இவ்வளவு செலவு’ என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். ஆனால் மரத்தடியில் ஒதுங்கியவன் உடம்புக்குத் தெரியும், அது ஒரு டிகிரி சமாசாரம் கிடையாது என்று. தலையில் அடிக்கும் வெயிலும் தரையிலிருந்து எகிறும் சூடும் நின்றுபோகிறதே, அதைச் சாதாரண வெப்பமானி அளக்காது. அதற்குக் கறுப்பு உருண்டை வெப்பமானி வேண்டும். நடுவில் உணர்வி வைத்த ஒரு செப்பு உருண்டை, அவ்வளவுதான். டேபிள் டென்னிஸ் பந்துக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கூட ஆய்வாளர்கள் செய்துகொள்கிறார்கள். சிக்னல்களில் நீங்கள் பச்சை வலைப் பந்தல் போட்டீர்களே, நல்ல காரியம். அதன் கீழே ஒரு உருண்டை, வெளியே ஒரு உருண்டை வைத்தால் பந்தலின் மதிப்பு எண்ணாகக் கையில் வந்துவிடும்.

நம் ஊருக்கு நிழல் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூகோளமே சாட்சி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி ஒரு நாள், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்துக்கு நிழலே விழாது. கத்திரி முழுக்க அதே கதைதான், சூரியன் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. வடக்கே போகப் போகக் கட்டட நிழலாவது தெருவில் விழும். இங்கே மதியம் மாடிக் கட்டடம் தன் காலடியில்கூட நிழல் தராது. மேலே விரிந்த ஒன்றுதான் தரும், பந்தலோ மரமோ.

மரம் செய்கிற இன்னொரு வேலை தண்ணீரை ஆவியாக்குவது. நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை இலை வழியாக விட்டால், சுமார் 68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை அது காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் பதின்மூன்று மணி நேரம் ஓடினால் அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் அது. கரண்ட் பில் கிடையாது, சந்துக்குள் சூடும் தள்ளாது. ஆனால் வேருக்குத் தண்ணீர் போனால்தான் இந்தக் கணக்கு. அடிமரம் வரை சிமென்ட் பூசி, நடைபாதைக் கல் பதித்து, மேலே விளம்பரத் தகரத்தை ஆணி அடித்து வைத்திருக்கும் மரத்திடம் 100 லிட்டர் எப்படிக் கேட்பது? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நமக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, மரத்துக்கு எங்கே போவது? ஏற்கெனவே ஈரப்பதம் கூடிய ஊரில், காற்று அசையாத சந்தில், அந்த நீராவி புழுக்கத்தைக் கூட்டவும் செய்யும். எனவே எந்த மரம் என்பதோடு காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும்.

எவ்வளவு மரம் வேண்டும்? மேடிசனில் சைக்கிள் ஓட்டியவர்கள் கண்டது இது: ஒரு தெருப் பகுதியில் மரங்களின் கூரை, அதாவது மேலிருந்து பார்த்தால் இலை மூடியிருக்கும் பரப்பு, 40 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பகல் குளிர்ச்சி வேகமாகக் கூடுகிறது. அது குளிர்நாட்டு ஊர், அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். நம் எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் பலன் தெரியாது என்பது இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மெக்சிகோ நகரின் சாபுல்தெபெக் பூங்காவில் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தது சுமார் 500 ஹெக்டேர். அது சுற்றுப்புறத்தைவிட 2, 3 டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி வெளியே ஏறக்குறைய பூங்காவின் அகலத்துக்குச் சமமான தூரம், 2 கிலோமீட்டர் வரை போகிறது. நம் கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர், ஒட்டினாற்போல் ஐஐடி வளாகம் வேறு. கோட்டூர்புரத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பெரம்பூருக்கு அந்தக் காற்று எட்டாது. எங்களுக்கு இன்னொரு கிண்டி செய்து தரவும் உங்களால் முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் தெருவை நம்பியிருக்கிறோம்.

ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அடர்ந்த மரக்கூரை பகலில் வெயிலைத் தடுப்பது போலவே, இரவில் தரைச் சூடு வானத்துக்குப் போவதையும் தடுக்கும். திறந்த புல்வெளியுள்ள பூங்கா இரவில் சீக்கிரம் குளிரும், மரத்தோப்பு பகலில் குளிரும். குளம் குட்டையும் அப்படித்தான், பகலில் இதம், இரவில் வெதுவெதுப்பு. பகல் வெயிலில் வேலை செய்பவர்கள் நிறைந்த வார்டுக்கும், ராத்திரி தகரக் கூரைக்குக் கீழே தூங்குபவர்கள் நிறைந்த வார்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவது வகைக்கு மரத்தோடு வெள்ளை அடித்த வீட்டுக் கூரையும் கொஞ்சம் திறந்தவெளியும் வேண்டும். உங்கள் வார்டு எந்த வகை என்பதை ராத்திரி எண் இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்?

மரக்கன்று எண்ணிக்கையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ‘இத்தனை லட்சம் கன்றுகள்’ என்ற அறிவிப்பு யாருக்கும் நிழல் தந்ததில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது நாம் இழந்தது எண்ணிக்கையை மட்டுமா? நாற்பது ஐம்பது வருடக் கூரையை. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் இடத்தில் பத்துக் கன்று வைத்துவிட்டு ‘ஒன்றுக்குப் பத்து’ என்று கணக்கு எழுதலாம். கீழே நிற்பவனுக்கு அடுத்த இருபது வருடம் வெயில்தான். மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் காடுகளும் வேலி போட்ட மூலையில் நன்றாகத்தான் வளர்கின்றன. பஸ்ஸுக்கு நிற்பவர் அதற்குள் போய் நிற்க முடியாதே. எங்கள் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, பெயர் வேண்டாம். நல்ல புங்கை நிழல். காலை பத்துக்குப் பூட்டினால் சாயங்காலம்தான் திறக்கும். தள்ளுவண்டிக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். எண்ணிக்கைக்குப் பதில் கூரைப் பரப்பைச் சொல்லுங்கள், அதுவும் நடப்பவர் தலைக்கு மேல் இருக்கும் கூரையை.

நட்ட பிறகு பலன் வந்ததா என்று பார்க்கவும் வழி எளிது. மரம் வைக்கப்போகும் தெருவையும், அதே அகலம், அதே உயரக் கட்டடங்கள் உள்ள, இப்போதைக்கு எதுவும் வைக்காத இன்னொரு தெருவையும் இன்றிலிருந்தே சேர்த்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடா வருடம் எப்படி மாறுகிறது என்பதுதான் மரத்தின் கணக்கு. ஒரே தெருவில் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட்டால், நடுவில் பெய்த ஒரு கோடை மழை எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள். வானிலைத் துறையின் வரையறைப்படி கடலோர ஊரில் வெப்ப அலை என்றால் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ‘வெப்ப இரவு’ என்றும் ஒரு வரையறை உண்டு. ஆனால் பகல் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் அந்த இரவே கணக்கில் வரும். பகல் 38-ல் நின்று, ராத்திரி முழுக்கப் புழுங்கிச் சாகும் நாட்கள்தான் சென்னையில் அதிகம். அந்த ராத்திரிகளுக்குப் பெயரே இல்லை. அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டார்கள். நாம் அளப்பதிலிருந்து தொடங்கலாமே.

கத்திரி மே 4-ஆம் தேதி பிறக்கும். கருவிகளை ஒன்றாக வைத்து ஒப்பிட ஒரு வாரம், கூண்டு மாட்ட ஒரு வாரம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஆரம்பித்தால் தாராளமாக முடியும். எண்களை மாநகராட்சி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள், குறிப்பாக விடியற்காலை எண்ணை. எங்கள் வார்டுக்கு இடம் தேடி ஆள் வந்தால், சந்து முனையில் பால் பூத்துக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. சுவர் தள்ளி இருக்கிறது, ஏசி பெட்டி பக்கத்தில் இல்லை, நான் பார்த்துவிட்டேன். தானியங்கிக் கருவி என்றைக்காவது நின்றுபோனால் நான்கு மணிக்குப் போய்ப் படித்து எழுத நான் இருக்கிறேன். எப்படியும் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் மூன்றாம் மாடியிலிருந்து
ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்